மூணு தடவை கூப்பிடணும்

பதினேழாம் நம்பரு. இப்ப நாலுதான் ஓடுது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், இல்ல முக்கா மணி, வக்கீல்மாருக எத்தனை பேரு வாய்தா கேக்காங்கங்கிறதைப் பொறுத்து. நான் வாசப்படியில நிக்கேன். ஏழு வருஷமா இதே வாசப்படிதான், இந்தக் கோர்ட்டுல பேரு கூப்பிடுத வேலை எனக்கு. உள்ள பெஞ்சு கிளார்க்கு சேவியர் சாரு பேரைச் சொல்லுவாரு, நான் வெளிய பாத்து மூணு தடவை கூப்பிடுவேன், ஆளு வந்தா ஆச்சு, வரலைன்னா உள்ள திரும்பி 'கூப்பிட்டாச்சு, ஆள் இல்லை'ம்பேன், அவரு எழுதிக்கிடுவாரு. அந்த ஒரு வரி எழுதிட்டா அவ்வளவுதான், எக்ஸ்பார்ட்டி, ஆளு இல்லாமலே கேஸை ஒருபக்கமாத் தீத்துருவாங்க. காலைல பத்து மணிக்கு லிஸ்டைக் கையில வாங்கி மேல இருந்து கீழ ஒரு ஓட்டம் பாத்தேன், பதினேழுல ஜெயக்கொடின்னு ஒரு பொம்பளை பேரு, குடும்ப வன்முறை மனு, எதிர்மனுதாரருன்னு அதுக்குக் கீழ அந்த ஆளு பேரு. அப்பன் பேரோட, ஊரோட, கதவு நம்பரோட. அந்தக் கதவு நம்பரு எனக்குத் தெரியாதா? அந்தக் கதவுலதான என்னைய வெளிய தள்ளிச் சாத்துனான். பதினஞ்சு வருஷம். லிஸ்டை மடிச்சு உள்ளங்கையில வச்சிருக்கேன், வேர்வையில நனைஞ்சு போச்சு. நேத்து வரைக்கும் இந்தக் கேசுக்கு அவன் வந்ததே இல்லை, வக்கீல் வந்து நின்னு கேஸ் நம்பரை மட்டும் சொல்லி வாய்தா வாங்கிட்டுப் போயிருவாரு, நானும் கவனிக்கலை, ஒரு நாளைக்கு நாப்பது பேரு கூப்பிடுதவளுக்கு எந்தப் பேரு மனசுல நிக்கும்? போன வாய்தாவுக்கு நான் லீவு. அன்னைக்குத்தான் அம்மா, ஜட்ஜம்மா, கண்டிசனாச் சொல்லிட்டாங்களாம், அடுத்த தடவை எதிர்மனுதாரரு நேர்ல வரணும், வந்தா அன்னைக்கே உத்தரவு, வரலைன்னா எக்ஸ்பார்ட்டின்னு. இன்னைக்குத்தான் அந்த அடுத்த தடவை. வந்துட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கான், வராண்டா கம்பி வழியாப் பாத்தேன், தொப்பை போட்டுருக்கு, தலை வழுக்கை விழுந்திருக்கு, ஆனா டீயைத் தட்டுல ஊத்தி ஆத்திக் குடிக்க அந்தக் கோணல் மட்டும் அப்பிடியே இருக்கு. எரிஞ்சு போ மூதி.

ஆறு. 'சுப்பு லட்சுமணன், சுப்பு லட்சுமணன், சுப்பு லட்சுமணன்.' வந்துட்டாரு, செக் கேசு, வேட்டியை இறக்கி விட்டுக்கிட்டே ஓடியாராரு பாவம். என் சத்தம் அப்பிடி. 'வடிவு, நீ கூப்பிட்டா பஸ் ஸ்டாண்டுல டிக்கெட்டு எடுத்தவன்கூட எறங்கி வந்துருவாம்'னு சேவியர் சாரு சொல்லுவாரு. இந்தச் சத்தத்துக்குத்தான் அவன்கிட்ட மொத அறை வாங்குனேன். கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட இருக்காது, தெருவுல சாளை மீன்காரி போறா, கூப்பிட்டேன், அவ்வளவுதான், உள்ள இருந்து வந்தான், பொளேர்னு விட்டான். 'பொம்பளை சத்தம் நடை தாண்டக் கூடாது, வெளங்குதா?' வெளங்குச்சு. அஞ்சு வருஷம் தாண்டலை. வாய்க்குள்ளயே பேசுனேன், இருமலைக்கூடச் சேலைத் தலைப்புக்குள்ள இருமுனேன். இப்ப அதே சத்தத்துக்குத்தான் கவர்மெண்டு சம்பளம் தருது. அதை நெனைச்சாச் சிரிப்பு வருது, ஆனா இன்னைக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா எனக்கு ஒரு பயம் இருக்கு, வெளிய சொன்னா வெக்கக்கேடு. அந்த ஆளு பேரை நான் என் வாயால ஒரு தடவைகூடச் சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவைகூட. மாமியாரு மொத நாளே சொல்லிட்டா, 'புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு கொறையும், பாத்துக்க'ன்னு. ரேசன் கார்டுக்கு எழுதப் போனப்ப அந்தக் கிளார்க்கு 'வீட்டுக்காரர் பேரென்னம்மா'ன்னாரு, நான் நிக்கேன். 'பேரு, பேரு'ங்காரு, பின்னால கூட்டம் கத்துது. நான் ரெண்டு விரலைத் தலைக்கு மேல நீட்டிக் காட்டுனேன், ஆட்டுக்கு இருக்கும்லா, அது மாதிரி. கூட்டமே சிரிச்சுச்சு. வீட்டுக்கு வந்து சொன்னப்ப அவன் ரொம்ப சந்தோசப்பட்டான், அன்னைக்கு ராத்திரி அல்வா வாங்கிட்டு வந்தான். அந்த அல்வாவை நான் தின்னேன், நல்லா இருக்குன்னுகூடச் சொன்னேன். அதை நெனைச்சாத்தான் எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது.

இன்னைக்குக் காலைல லிஸ்டைப் பாத்ததும் கக்கூஸுக்குள்ள போயிக் கதவைத் தாப்பாப் போட்டு, குழாயைத் திறந்து விட்டுட்டு, சொல்லிப் பாத்தேன். மொத எழுத்து வந்துச்சு. அதோட சரி. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்கு. ஏட்டி, அவன் உனக்கு யாரு? என்ன மரியாதை இன்னும்? ஆயுசு கொறையும்னா கொறையட்டுமே, நூறு தடவை சொல்லு, நாளைக்கே போய்ச் சேரட்டும், எனக்கென்ன? இப்பிடி எனக்கு நானே சொல்லுதேன், நாக்கு கேக்க மாட்டேங்கு. நாக்கு என்னோடது, பழக்கம் அவன் போட்டது. பக்கத்துக் கோர்ட்டு அருணாசலத்துட்ட 'பதினேழை மட்டும் நீ கூப்பிடுதியா'ன்னு கேட்டுருக்கலாம். தலைமை எழுத்தர்ட்டப் போயி 'சார், இது எனக்கு ஆன ஆளு, நான் நிக்கக் கூடாது'ன்னு சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கணும், அதுதான் முறை, ஏழு வருசம் கோர்ட்டுல இருக்கவளுக்கு அதுகூடத் தெரியாதா. சொல்லலை. ஏன் சொல்லலை? ஏன்னா பத்து மணியில இருந்து எனக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, லேசா ஆரம்பிச்சு இப்ப நல்லா கொதிக்குது. நான் மெதுவாக் கூப்பிட்டா என்ன? தொண்டை கட்டுன மாதிரி, வராண்டா தாண்டாத மாதிரி, மூணு தடவை, முணுமுணுன்னு. அவன் டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே இருப்பான். வக்கீலு மாடிக் கோர்ட்டுல வேற கேசுல நிக்காரு, 'பேரு கூப்பிட்டதும் உள்ள போங்க, நான் வந்துருதேன்'னு சொல்லிட்டுப் போனதை நானே கேட்டேன். கூப்பிட்டாச்சு, ஆள் இல்லை. எழுதுங்க சார். முடிஞ்சுச்சு.

ஒன்பது வாய்தா. பத்து வாய்தா. பதினொண்ணு. 'அந்தோணிச் சவரிமுத்து' மூணு தடவை, ஆளு இல்லை, வாரண்டு. இப்பிடித்தான என் பேரையும் எவனோ ஒருத்தன் கூப்பிட்டிருப்பான். பதிமூணு வருசத்துக்கு முந்தி, வேற ஊரு, சப் கோர்ட்டு. ஐப்பசி மழையில மஞ்சப்பையோட என்னைய வெளிய தள்ளிட்டு, ரெண்டு வருசம் கழிச்சு, 'எம் பொண்டாட்டி சொல்லாமக் கொள்ளாம வீட்டை விட்டு ஓடிட்டா'ன்னு விவாகரத்துக்கு மனு போட்டிருக்கான். நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு? அவன் வீட்டு விலாசத்துக்கு! நான் இல்லாத வீட்டுக் கதவுல என் பேருக்கு நோட்டீஸ் ஒட்டி, அவனே அதைக் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பான். அன்னைக்கு நான் அண்ணன் வீட்டுப் பொறவாசல்ல உக்காந்து புளி உடைச்சுக்கிட்டு இருந்திருப்பேன், அது மாசி மாசம். சுடலைவடிவு, சுடலைவடிவு, சுடலைவடிவு. மூணு தடவை. பன்னெண்டு மைலுக்கு அந்தப் பக்கம். கல்லு வச்சுப் புளியங்கொட்டையைத் தட்டிக்கிட்டு இருந்தவளுக்கு எப்பிடிக் கேக்கும்? அவன் ரெண்டாவது கல்யாணத்துக்கு நோட்டீசு அடிச்சப்பதான் எனக்குத் தெரிஞ்சுது நான் அவன் பொண்டாட்டி இல்லைன்னு. ஒரு வக்கீலப் போய்ப் பாத்தோம், 'நாளு ஓடிப்போச்சேம்மா'ன்னாரு. அவருதான் இன்னொண்ணும் சொன்னாரு, வெளிய தள்ளுன அன்னைக்கே ஒரு மனு போட்டிருந்தா அதே வீட்டுக்குள்ள உன்னைய இருக்க வைக்கச் சட்டம் இருக்கு, வந்து எத்தனையோ வருசம் ஆச்சுன்னு. சட்டம் இருந்திருக்கு. நான் மழையில நின்னப்பவும் இருந்திருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லலை, போலீசு ஸ்டேசன்ல சொல்லலை, ஊர்க்கூட்டத்துல சொல்லலை, 'அனுசரிச்சுப் போ'ன்னு மட்டும் அத்தனை பேரும் சொன்னாங்க. கொடியில என் சேலை கெடந்துச்சு அன்னைக்கு, மயில் கழுத்துக் கலரு, எங்கம்மா எடுத்துக் குடுத்தது, நனையுது, எடுத்துட்டுப் போயிருதேன்னு சொன்னேன், அவன் கதவைச் சாத்திட்டான். பதினஞ்சு வருசமா அந்தச் சேலை நனைஞ்சுக்கிட்டே இருக்கு எனக்கு. என்ன செஞ்சிருப்பான் அதை, வண்டி துடைச்சிருப்பான்.

பதிமூணு. ஜெயக்கொடி அந்தா நோட்டீஸ் போர்டுக்குக் கீழ பெஞ்சுல உக்காந்திருக்கா. எனக்கு அவளைப் பிடிக்காம இருந்துச்சு, பல வருசம். என் அடுப்புல சமைக்கா, என் கொடியில துணி காயப்போடுதான்னு வயிறு எரிஞ்சிருக்கேன். இன்னைக்குத்தான் மொத மொதலாப் பக்கத்துல பாக்கேன். முப்பத்தி மூணு முப்பத்தி நாலு இருக்கும். கழுத்துல ஒண்ணும் இல்லை, மஞ்சக் கயிறு மட்டும். கையில ஒரு சாவியை வச்சு உருட்டிக்கிட்டே இருக்கா. காலைல வந்து, 'யக்கா, பதினேழு எப்ப வரும்'னு கேட்டா, அப்பவும் அந்தச் சாவிதான். 'என்னம்மா சாவி'ன்னேன். 'எங்க வீட்டுச் சாவிக்கா. நான் ரேசன் கடைக்குப் போயிருந்தப்ப பூட்டை மாத்திட்டாங்க. இது இப்போ சேராது'ன்னா. 'பெறவு என்னத்துக்கு வச்சிருக்கே?' 'தெரியலக்கா.' எட்டு வயசு பொட்டப்பிள்ளையை அக்கா வீட்டுல விட்டிருக்காளாம், அந்தப் பிள்ளையோட பள்ளிக்கூடப் பையி உள்ள மாட்டிக்கிட்டாம், ஆறு மாசமாப் பக்கத்துப் பிள்ளை புஸ்தகத்தைப் பாத்து எழுதுதாம். எனக்குப் பிள்ளை இல்லைன்னு வெளிய தள்ளுனான். இவளுக்குப் பிள்ளை இருக்கு, இவளையும் தள்ளிட்டான். அப்ப என்னதாம்ல வேணும் உனக்கு? கதவைச் சாத்துத அந்தச் சத்தம் வேணும், அதான, அது கேட்டாத்தான் உனக்குத் தூக்கம் வரும்.

அப்ப மெதுவாக் கூப்பிட்டுருவோம். முடிவு பண்ணிட்டேன். அவன் எனக்கு என்ன செஞ்சானோ அதே மாதிரி, எழுத்து மாறாம. டீயைக் குடிச்சு முடிச்சு உதட்டைத் துடைச்சுக்கிட்டு வருவான், 'என் கேசு எப்ப'ம்பான், 'முடிஞ்சுட்டு, போங்க'ன்னு நான் சொல்லணும், என் வாயால சொல்லணும். அப்ப அவன் மூஞ்சியைப் பாக்கணும். பாத்தாப் போதும், பெறவு நான் செத்தாலும் சரி. பதினாலு, ஓடுது. ஆனா சவம், இந்த மண்டை இருக்கே, ஏழு வருசம் இந்த வாசல்ல நின்ன மண்டை, இது சும்மா இருக்க மாட்டேங்கு. எக்ஸ்பார்ட்டி ஆனவனுக என்ன செய்வானுக? நான் பாக்காததா? அடுத்த வாரமே ஒரு மனுவோட வருவானுக, 'கூப்பிட்டது காதில் விழவில்லை'ன்னு. ஆம்பளைக்கு நாளு ஓடிப்போவாது, வக்கீலு இருக்காரு. போட்ட உத்தரவு ரத்து, மறுபடி மொதல்ல இருந்து, வாய்தா, வாய்தா, வாய்தா. அதுவும் இவன் கேசுல என்ன சொல்லுவான்? 'கூப்பிட்டவ என் மொத பொண்டாட்டி, வேணும்னே வாய்க்குள்ள கூப்பிட்டா.' அய்யய்யோ. உண்மை வேற. என் வேலை போறது கெடக்கட்டும். அந்தப் பிள்ளை புஸ்தகப் பை? இந்தப் பைத்தியக்காரி சேராத சாவியை இன்னும் மூணு வருசம் உருட்டிக்கிட்டு இருப்பா. அவனுக்கு நான் விரிக்கேன்னு நெனைச்ச வலை அவனுக்கு மெத்தையாப் போயிரும். ச்சே. அப்பிடியும் விட மனசில்லை. நல்ல மனசுல சொல்லுதேன்னு நெனைக்காதே, எனக்கு நல்ல மனசு எல்லாம் அந்த வீட்டுலயே தீந்து போச்சு. அவனுக்கு நல்லாச் சுடணும், அதுதான் எனக்கு வேணும். தப்பிக்க ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. அவன் உள்ள வரணும். செருப்பை வெளிய விட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு, ஜட்ஜம்மா படிக்கதை ஒவ்வொரு வார்த்தையா ரெண்டு காதாலயும் கேக்கணும், கேட்டேன்னு கையெழுத்துப் போடணும். பெறவு எந்தக் கோர்ட்டுக்குப் போயும் காதுல விழலைன்னு சொல்ல முடியாது. அப்ப சத்தமாக் கூப்பிடணும். ரோடு தாண்டிக் கேக்கணும். அதுக்கு நாக்கு புரளணுமே, முருகா, நாக்கு.

பதினஞ்சு, பதினாறு ரெண்டும் ஒரே வக்கீலு, ரெண்டும் வாய்தா. இவ்வளவு சீக்கிரம் வரும்னு நெனைக்கலை. உள்ள இருந்து சேவியர் சாரு, 'வடிவு, பதினேழு. மனுதாரர் இருக்காங்க. எதிர்மனுதாரரைக் கூப்பிடு'ன்னாரு. ஜெயக்கொடி எந்திரிச்சு நிக்கா. அவன் அங்க பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சு உக்காந்திருக்கான். நான் வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு. மாமியாரு சத்தம் கேக்கு, ரேசன் கடைக் கூட்டம் சிரிக்கு, என் ரெண்டு விரலு தானா மேல போவப் பாக்கு, சேலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். 'வடிவு?' சேவியர் சாரு. 'என்னாச்சு, தொண்டை கட்டிக்கிட்டா?' சாளை! சாளை மீன்காரியைக் கூப்பிட்டேம்லா அன்னைக்கு, ஒண்ணும் தெரியாம, பயமில்லாம, அடிவயித்துல இருந்து, அதே மாதிரி கூப்பிடு மூதி. 

'மாடசாமி மகன் கொம்பையா!'

வந்துட்டு. ஆத்தாடி, வந்துட்டு. காக்கா பறக்குது வேப்பமரத்துல. டீக்கடையில அத்தனை தலையும் திரும்புது. பேப்பரு இறங்குச்சு. அவன் பதறிப்போய் எந்திரிச்சான், கிளாசு தட்டிக் கீழ விழுந்துச்சு, வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடியாரான், ஒரு ஆட்டோக்காரன் வஞ்சுட்டுப் போறான். எனக்கு ஒரே ஏமாத்தமாப் போச்சு. ஒரு கூப்பாட்டுக்கே வந்துட்டானே! பதினஞ்சு வருசம் காத்திருந்து ஒண்ணு போதுமா? படி ஏறுனவன் மூச்சு வாங்கிக்கிட்டே என்னைய நிமுந்து பாத்தான். பாத்தான். வாய் திறந்தது மூடலை. 'ஏட்டி வடிவு, நீயா?' மூணடி தூரம்கூட இல்லை. நான் அவன் கண்ணைப் பாத்துக்கிட்டே, அடுத்த மூச்சை இழுத்து, ரோட்டுக்கு விட்ட அதே சத்தத்தை அவன் மூஞ்சியில விட்டேன். 'கொம்பையா!' எச்சி தெறிச்சுது, கண்ணை மூடிக்கிட்டான். 'வந்துட்டாரேம்மா, என்ன மறுபடியும்?' உள்ள இருந்து சேவியர் சாரு. 'மூணு தடவை கூப்பிடணும்லா சார்.' ஒரு படி கீழ இறங்கி நின்னான் அவன். 'கொம்பையா!' இப்பச் சொல்லுதேன், அல்வாவைவிட இனிப்பா இருந்துச்சு. 'செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க'ன்னேன். கழட்டுனான்.

ஜட்ஜம்மா மெதுவாத்தான் படிச்சாங்க. மனுதாரருக்கு அந்த வீட்டுல குடியிருக்க உரிமை உண்டு, எதிர்மனுதாரர் தடுக்கக் கூடாது, இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஸ்டேசன் போலீசு கூடப் போயிப் பூட்டைத் திறந்து உள்ள விடணும், மீறுனா ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு. 'விளங்குச்சா?' 'சரிங்கம்மா.' என் வாசல்ல எனக்குக் கேக்கலை. 'சத்தமாச் சொல்லுங்க'ன்னு அம்மாவே சொன்னாங்க. 'சரிங்கம்மா'ன்னு சத்தமாச் சொன்னான், கையெழுத்துப் போட்டான். ஜெயக்கொடி அழுதுக்கிட்டே வெளிய வந்து, 'யக்கா, நீங்க கூப்பிட்டது எனக்கே குலை நடுங்கிட்டு'ன்னா. 'அந்தச் சாவியைத் தூரப்போடு'ன்னேன், வேற ஒண்ணும் சொல்லலை, நான் யாருன்னு அவளுக்கு எதுக்கு. அவன் பின்னால வந்தான். செருப்பைத் தேடுத மாதிரி என் பக்கத்துல குனிஞ்சான். வக்கீலு இன்னும் மாடியில இருந்து இறங்கலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கும்படி, 'புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டியேட்டி. ஊரே கேக்க.' நான் மெதுவாப் பேசலை. எனக்கு மெதுவாப் பேச வராது இப்ப. 'நீ எனக்குப் புருசன் இல்லைன்னு கோர்ட்டு தீர்ப்பு இருக்கு. நான் வாங்கலை, நீ வாங்குனது'ன்னேன். வராண்டாவுல இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அவன் ஒரு செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். சேவியர் சாரு உள்ள இருந்து பதினெட்டுங்காரு. நான் லிஸ்டைப் பிரிச்சுப் பாத்து அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.